புட்டிப்பால் கண்ணன்

அல்பாக்கா வளர்க்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, அது காறித் துப்புமாமே, நிஜமா என்பது. துப்பும். ஆனால் நம்மேல் துப்புவது அபூர்வம். தீவனத் தொட்டியில் முட்டிமோதும்போது ஒன்றன்மேல் ஒன்று துப்பிக்கொள்ளும்; நடுவில் நாம் நின்றால் நமக்கும் பங்கு உண்டு. சினையான பெட்டைக்குப் பக்கத்தில் ஆணைக் கொண்டுபோய் நிறுத்தினால், அது காதைப் பின்னால் மடித்து, மோவாயைத் தூக்கி, பச்சைச் சாறாகத் துப்பி விரட்டும். சினை பிடித்திருக்கிறதா என்று பார்க்க இங்கே பண்ணைக்காரர்கள் முதலில் செய்து பார்ப்பதே இதைத்தான். ஸ்கேனெல்லாம் பிறகு. அந்தச் சாறு துணியில் பட்டால் எத்தனை முறை துவைத்தாலும் நாற்றம் லேசில் போகாது.

என்னிடம் இருந்தவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் என்மேல் ஒருநாளும் துப்பியதில்லை. அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், மெல்பர்னுக்கு வடமேற்கே மாசிடன் மலைப்பக்கம். வீட்டுக்காரர் ரயிலேறி நகரத்துக்கு வேலைக்குப் போய்வருவார். மகள் படிப்புக்காக சிட்னி போன வருஷம், புறநகரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, பன்னிரண்டு ஏக்கர் நிலத்தோடு இங்கே ஒரு பழைய வீட்டை வாங்கினோம். வாங்கின பிறகுதான் உறைத்தது, நிலம் என்றால் புல் வளரும் என்று. கோடைக்கு முன்னால் அதைக் குறைக்காவிட்டால் காட்டுத்தீ பயத்தில் கவுன்சிலிலிருந்து நோட்டீஸ் வந்துவிடும். மாடு வாங்கலாம் என்றால் எனக்குப் பயம். காங்கேயத்தில் பிறந்தவள் இதை வெளியே சொல்லக் கூடாது, இருந்தாலும் பயம். செம்மறி வாங்கினால் வாலடியில் ஈ மொய்த்துப் புழு வைக்கும், அது தனிப் பாடு. அப்போதுதான் ஊர் விவசாயக் கண்காட்சியில் அல்பாக்காவைப் பார்த்தேன். நீளக் கழுத்து, நெற்றி மறைக்கப் பம்மென்று முடி, மை தீட்டினாற்போல் கண். அங்கேயே மயங்கிவிட்டேன்.

சாதுவான ஜீவன்தான். எடை 60, 70 கிலோ. குளம்பு கிடையாது, மெத்தென்ற பாதம். மழையில் நடந்தாலும் நிலம் சேறாகாது. மந்தை முழுக்க ஒரே இடத்தில் போய்ப் புழுக்கை போட்டுவிட்டு வரும். இந்த ஒழுங்கை நான் மனிதர்களிடத்தில்கூட எல்லா ஊரிலும் பார்த்ததில்லை. தனியாக மட்டும் வைக்கக் கூடாது. ஒற்றையாய் விட்டால் ஏங்கியே மெலிந்துவிடும்.

இந்த நாட்டுக்கு அல்பாக்கா முதலில் வந்த கதையும் ஒரு கிறுக்குத்தனம்தான். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் டைட்டஸ் சால்ட் அல்பாக்கா நூலில் துணி நெய்து பெரும்பணம் பார்த்துக்கொண்டிருந்த காலம். பெரு நாடு உயிருள்ள அல்பாக்காவை வெளியே விடமாட்டேன் என்று தடை போட்டிருந்தது. சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேயர், திருட்டுத்தனமாக ஆண்டிஸ் மலைகளின் ஊடே மந்தையை ஓட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் அலைந்து, கப்பலேற்றி, 1858-இல் 250-க்கும் மேற்பட்ட உருப்படிகளோடு சிட்னியில் வந்து இறங்கினார். அரசாங்கமே மந்தையை வாங்கிக்கொண்டது. சில வருஷங்களில் அது சிதறி, ஒன்றுமில்லாமல் போயிற்று. மறுபடி இங்கே அல்பாக்கா வந்தது 1980-களின் கடைசியில், சிலியிலிருந்து. அப்போது ஒரு பெட்டை பல ஆயிரம் டாலருக்குப் போயிருக்கிறது. நாங்கள் வாங்கும்போது அந்த மவுசு அடங்கியிருந்தது. பண்ணையை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடம் சினைப் பெட்டைகள் சிலவும், காயடித்த கிடாய் ஒன்றும் மலிவாகக் கிடைத்தன.

ஊரில் அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் பொறந்தாப்புல இருக்குதே கண்ணு," என்றாள் படத்தைப் பார்த்துவிட்டு. ஒட்டக வம்சம்தான். சரியாகத்தான் சொன்னாள்.

வேலை பெரிதாக இல்லை, ஆனால் ஓயாது. காலையில் வைக்கோல், தண்ணீர், தலை எண்ணுவது. அவ்வப்போது நகம் வெட்டுவது. தடுப்பூசி. கோடை முடிகிற சமயம் ரைகிராஸ் புல்லை நம்பிவிடக் கூடாது. அதற்குள் இருக்கும் பூஞ்சையால் தலை ஆட ஆரம்பிக்கும், பிறகு நடை தள்ளாடும். அப்போது அந்தப் புல்லிலிருந்து மாற்றி வைக்கோல் போட வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது பக்கத்துப் பண்ணைப் பாட்டி. எழுபதைத் தாண்டியவர். நல்ல வார்த்தை அதிகம் பேசமாட்டார், தப்பாக ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார். அவர் சொன்னதை ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் கேட்கவில்லை.

அல்பாக்கா சுமார் பதினொன்றரை மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். பெரும்பாலும் வெயில் ஏறும் முற்பகலில்தான் ஈனும். மலைக்குளிரில் குட்டி இருட்டுவதற்குள் காய்ந்து, எழுந்து, பால் குடித்தாக வேண்டும் என்பதற்காக இயற்கை வைத்த ஏற்பாடு என்பார்கள். எங்கள் தலையீற்றுப் பெட்டை ஒன்று ஏப்ரல் கடைசியில் சாயங்காலமாக ஈன்றது. கறுப்புக் கிடாய்க்குட்டி. ஆறேழு கிலோ இருக்க வேண்டியது ஐந்துதான் இருந்தது. தாய்க்கு மடியில் பாலே இல்லை. ராத்திரி உறைபனி விழும் என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள்.

பாட்டி தன் ஃப்ரீசரில் எடுத்து வைத்திருந்த ஆட்டுச் சீம்பாலைக் கொண்டுவந்து கொடுத்தார். குட்டிக்குக் கம்பளிச் சட்டை மாட்டி, தாயோடு கொட்டகையில் அடைத்துவிட்டுச் சொன்னார்: "வேளாவேளைக்குப் பட்டிக்குள் வந்து புட்டியைக் கொடு. குடித்து முடித்ததும் போய்விடு. தடவாதே, கொஞ்சாதே, பெயர் சொல்லிக் கூப்பிடாதே. பெட்டையாக இருந்தால் கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம். இது கிடாய். வீட்டுக்குள் மட்டும் கொண்டுபோகாதே."

தலையாட்டினேன். அவர் வண்டி சாலை திரும்பினதும் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

துணி துவைக்கிற அறையில் பழைய மெத்தையைப் போட்டு, வெந்நீர்ப் பையை வைத்து, பக்கத்தில் நானும் படுத்தேன். அல்பாக்கா குட்டி கத்தாது, மூக்கால் 'ம்ம்ம்' என்று முனகும். தாயும் அப்படியே பதில் முனகும். கொட்டகையிலிருந்து தாய் முனகியது எனக்குக் கேட்டது; இவன் காதைத் திருப்பியதும் தெரிந்தது. நானும் 'ம்ம்ம்' என்றேன். இவன் என் பக்கம் திரும்பினான். அதற்குப் பிறகு யார் என்ன சொல்லி என்ன.

கண்ணன் என்று பெயர் வைத்தேன். கறுப்பு, பால், குறும்பு. வேறு பெயர் வாயில் வரவில்லை.

ஒரு வாரத்தில் தேறிவிட்டான். கொஞ்ச நாளில் தாய்க்கும் கொஞ்சம் பால் இறங்கியது. அப்போதே அவனை மந்தையோடு சேர்த்திருக்கலாம். குளிர் என்றேன். கறுப்பு ரோமக் குட்டிக்கு இந்தப் பக்கத்துக் குளிர்கால வெயில் போதாமல் வைட்டமின் டி குறைந்து கால் வளைந்துபோகும். அதற்கு ஊசி போட வேண்டியிருந்தது. அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். பகலில் வெளியே விட்டாலும் சாயங்காலம் சமையலறைக் கதவை வந்து மூக்கால் தட்டுவான். அடுப்பங்கரையில் என் பின்னாலேயே நடப்பான். கால் மடக்கி டிவி முன்னால் உட்காருவான். வாட்ஸாப்பில் சொந்தபந்தம் முழுக்க அவன்தான். அம்மா மட்டும் ஒருநாள், "ஏங் கண்ணு, தாயில்லாக் குட்டிய நாமளும் வளத்தியிருக்கறோம். புட்டியக் குடுத்துப்போட்டுக் கொறங்காட்டுல ஆடுகளோட முடுக்கி உட்டுருவோம். ஊட்டுக்குள்ளயே வெச்சிருந்தா அது ஆடுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

லீவுக்கு வந்த மகள், தன் பழைய ஸ்வெட்டர் கை வெட்டப்பட்டு அவன்மேல் இருந்ததைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எனக்குத் தினமும் அஞ்சு தடவை ஃபோன் பண்றது திடீர்னு நின்னுச்சே, ஏன்னு இப்பத்தாம்மா தெரியுது," என்றாள். அதையும் நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் பாலை மறக்கடிக்க வேண்டும். வருஷம் திரும்புகிறவரை புட்டி கொடுத்தேன். புல் தின்று வயிறு நிறைந்தவன்தான். இருந்தாலும் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, கழுத்தைத் தாழ்த்தி, முன்காலை மடக்கி, வாலை முதுகுமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு நிற்பான். எனக்கு வணக்கம் சொல்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் நல்ல படம் ஒன்றும் எடுத்து வைத்தேன்.

இங்கே மயிர் வெட்டு அக்டோபர், நவம்பரில், வெயில் கொளுத்த ஆரம்பிக்கும் முன்னால். வெட்டுகிறவர்கள் கும்பலாக வந்து, ஒவ்வொன்றையும் பாயில் சாய்த்து, முன்கால் பின்காலைக் கயிற்றில் இழுத்துக் கட்டி, சில நிமிஷங்களில் உரித்தெடுத்துவிடுவார்கள். முதுகும் விலாவும் சேர்ந்த போர்வைப் பகுதி முதல் தரம். கழுத்து அடுத்தது. கால், வயிறு எல்லாம் மெத்தைக்குள் அடைக்கத்தான் ஆகும். கண்ணனை மட்டும் நான் மடியில் தலையை வைத்துப் பிடித்துக்கொள்ள, வெட்டுகிறவர் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். முதல் வெட்டு ரோமம் எப்போதுமே மெல்லிசு. கறுப்பில் லேசாகச் செம்பழுப்பு நுனியோடு, கையில் எடுத்தால் கனமே தெரியாது.

நூல் நூற்பது இங்கே வந்து கற்றுக்கொண்டது. மண்ணில் புரண்டு புரண்டு அல்பாக்கா ரோமத்தில் ஊர்ப்பட்ட தூசி இருக்கும். கம்பி வலை அடித்த மேசைமேல் விரித்து உதறி, வைக்கோல் துணுக்கு, முரட்டு மயிரெல்லாம் பொறுக்கியெடுப்பதற்கே பல சாயங்காலங்கள் போகும். செம்மறிக் கம்பளிபோல இதில் எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது. அதனால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பைக் கரைத்து, ரோமத்தை அமுக்கிவிட்டு, சும்மா இருந்துவிட வேண்டும். கசக்கக் கூடாது, அலசுகிறேன் என்று கிளறக் கூடாது. சூடும் கசக்கலும் சேர்ந்தால் இழையெல்லாம் ஒன்றோடொன்று மாட்டிக் கட்டையாகத் திரண்டுபோகும், பிறகு எந்தச் சாமி வந்தாலும் பிரிக்க முடியாது. ஊறுகிற நேரத்தில் கை வைக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. அதில் நான் கெட்டிக்காரி. பாட்டியே பாராட்டியிருக்கிறார்.

வாரி, ராட்டையில் நூற்று, கண்ணனின் ரோமத்தில் மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். அல்பாக்கா இழை வழுவழுவென்று நழுவும், முறுக்கு கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். சூடு நன்றாகத் தாங்கும், உடம்பில் அரிக்காது. ஒரே குறை, இழுத்தால் திரும்பச் சுருங்காது. செம்மறிக் கம்பளிக்கு உள்ள சுருள் இதற்குக் குறைவு. அதற்காகத்தான் அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் மெரினோவைக் கலந்து நூற்பார்கள், இடுப்பிலும் மணிக்கட்டிலும் இறுக்கமான பட்டை பின்னுவார்கள். எனக்குக் கண்ணனின் நூலில் வேறு எதையும் கலக்க மனம் வரவில்லை. தளரப் பின்னி, சிட்னிக்கு அனுப்பினேன். மகள் அதை ஹேங்கரில் மாட்டி வைத்தாள். குளிர்காலம் முடிவதற்குள் அது அவள் முழங்காலைத் தொட்டது. கை, விரலைத் தாண்டிப் போனது. "நைட்டியா யூஸ் பண்றேம்மா," என்று படம் அனுப்பினாள்.

அடுத்த வெட்டு நூலைச் சந்தையில் விற்றேன். இங்கே நூல் வாங்குகிறவர்களுக்கு, எந்தப் பிராணியின் ரோமம் என்று தெரிந்தால் ஆசை. சீட்டில் படம், பெயர், வயசு எல்லாம் போடுவார்கள். நான் அந்த வணக்கம் சொல்கிற படத்தைப் போட்டேன். கண்ணன் நூல்தான் முதலில் விற்றுத் தீரும்.

அதற்குள் கண்ணன் வளர்ந்திருந்தான். இரண்டு வயசுக்குப் பக்கம். நெஞ்சால் இடிப்பான். கேட்டைத் திறந்தால் குறுக்கே வந்து நின்று வழிவிடமாட்டான். குனிந்து தொட்டியைக் கழுவினால் முதுகில் ஏறப் பார்ப்பான். வீட்டுக்காரர் உள்ளே போகும்போது குப்பைத்தொட்டி மூடியைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தார்.

"ஏனுங்க, குழந்தைங்க அவன். விளையாடறான்."

"குழந்தை அறுபது கிலோ இருக்காது."

பதினெட்டு மாதத்தில் காயடித்தாயிற்று. அதற்கு முன்னால் செய்தால் காலெலும்பு வளர்ச்சி கெடும் என்பதால் காத்திருந்தோம். செய்த பிறகு அடங்கிவிடுவான் என்று இருந்தேன். அடங்கவில்லை. ஒருநாள் எலெக்ட்ரீஷியனைக் கொட்டகைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி வைத்துவிட்டான். அந்த மனுஷன் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு நின்றதும் வயிற்றில் என்னவோ செய்தது. ஆனாலும் பாட்டியிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் எங்கள் வேலி வழியாகப் போகும்போது கண்ணனை ஏதாவது சாக்கில் பின்பக்கப் பட்டிக்கு மாற்றிவிடுவேன்.

இனிமேல் எழுதப்போவதை வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

சில மைல் தள்ளி ஒரு செம்மறிப் பண்ணை. ஆட்டுக்காரருக்கு வயசு அறுபத்தைந்து இருக்கும், மனைவி இல்லை, தனியாள். ஆடு ஈனுகிற பருவத்தில் நரி வந்து குட்டிகளைக் கொண்டுபோகிறது, காவலுக்கு அல்பாக்கா வேண்டும் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார். அல்பாக்காவுக்கு நாய், நரி என்றால் ஆகாது. கூச்சலிட்டுத் துரத்தும், மாட்டினால் மிதித்துவிடும். காயடித்த கிடாய்களை ஜோடியாக ஆட்டு மந்தையில் விட்டு வைப்பது இங்கே வழக்கம். அவர் வந்து பார்த்தார். கண்ணன் ஓடிவந்து அவர் முகத்துக்கு நேரே மூக்கை வைத்து முகர்ந்தான். அவருக்குச் சந்தோஷம்.

"இவனுக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"ரொம்பப் பாசக்காரன்," என்றேன்.

பொய்யில்லை. அந்தக் கேள்விக்கு அது பதிலுமில்லை. அவன் இடிப்பதும், முதுகில் ஏற வருவதும், எலெக்ட்ரீஷியனும் என் நாக்கு நுனியில்தான் இருந்தன. விசாலமான நிலத்தில், ஆடுகளோடு, வேலை ஒன்று இருந்தால் சரியாகிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டால் கூட்டிப்போகமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். கூட ஒரு சாதுக் கிடாயையும் சேர்த்து, பணம் வாங்காமல் கொடுத்தேன். பணம் வாங்காததால் சொல்ல வேண்டிய கடமையும் குறைந்துவிட்டது என்று அப்போது என் கணக்கு.

ஆடுகளுக்கு நடுவே கண்ணன் நன்றாகத்தான் இருந்திருக்கிறான். ஒரு நரியைத் துரத்தியதாகக்கூடச் சொன்னார். ஒருநாள் அவர் ஈன்ற ஆட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து ஓடிவந்து முழங்காலுக்குப் பின்புறம் மோதித் தள்ளியிருக்கிறான். எழுந்திருக்க எழுந்திருக்க மறுபடி. அவர் தவழ்ந்து போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒண்டியிருக்கிறார். தபால்காரர் வண்டி வரும்வரை அங்கேயே கிடந்தார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

ஃபோனில் அவர் கத்தவில்லை. "நீங்கள் சொல்லியிருக்கலாம்," என்றார். அவ்வளவுதான்.

கண்ணனை டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கொட்டகையை ஒட்டிய சிறு பட்டியில் விட்டு, வீட்டுக்காரர் கால்நடை மருத்துவருக்கு ஃபோன் செய்யப் போனார். நான் உள்ளே நுழைந்தேன். பிள்ளை பயந்துபோயிருப்பான், இடம் மாறி மாறிக் குழம்பியிருப்பான், சமாதானம் சொல்லலாம் என்று. அப்போதுகூட எனக்கு ஆட்டுக்காரர்மேல்தான் ஒரு மூலையில் கோபம்: இவன் என்ன செய்தான் என்று அவருக்குத் தெரிந்ததே தவிர, இவனுக்கு என்ன செய்தார் என்று யாருக்குத் தெரியும்?

'ம்ம்ம்' என்று முனகினேன். பதில் முனகல் வரவில்லை. கழுத்தைத் தாழ்த்தி என்னைப் பார்த்தான். காது கழுத்தோடு ஒட்டியிருந்தது. அடுத்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். நெஞ்சு மோதியது. ஈர மண் முதுகில் பட்டது. மூச்சு போய்விட்டது, திரும்ப வரவில்லை. அவன் முழங்கால் என் தோள்பட்டைமேல். காதுக்குப் பக்கத்தில் ஒரு அலறல். அந்த அலறலை நான் கேட்டிருக்கிறேன். கிடாய்கள் பட்டியில், பெட்டைக்காக இரண்டு கிடாய்கள் சண்டை போடும்போது ஒன்று மற்றதைக் கீழே தள்ளி, நெஞ்சால் அமுக்கி, இப்படித்தான் அலறும். காதைக் கடிக்கும். காலைக் கடிக்கும். கண்ணன் என் காலைத் தேடிக் கழுத்தைத் திருப்பினான்.

எத்தனை முறை வேலிக்கு வெளியே நின்று பார்த்த காட்சி. இன்று அதற்குள் கிடந்தேன். அவன் முகத்தில் கோபம் என்று சொல்லும்படி எதுவுமில்லை. வேலை செய்கிறவன் முகம். வயசுக்கு வந்த கிடாய், இன்னொரு கிடாயிடம் இடத்துக்காகச் செய்கிற வேலை. இவன் கண்ணுக்கு நான் யார் என்று அப்போது தெரிந்தது. மனுஷி இல்லை, அம்மா இல்லை. அவன் மந்தையில் இரண்டு காலில் நிற்கிற இன்னொரு அல்பாக்கா. அந்த மந்தையை அவனுக்கு அமைத்துக் கொடுத்தவள் நான்தான். துணி துவைக்கிற அறையில், முதல் ராத்திரி, தாய் முனகியபோது நான் பதில் முனகினேன்.

வீட்டுக்காரர் குப்பைத்தொட்டி மூடியோடு ஓடிவந்தார். விலா இரண்டில் கீறல், பல் பட்ட கெண்டைக்காலில் தையல். சரியாகப் போயிற்று.

மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் கேட்டார்: "புட்டியில் வளர்த்ததா?" இதற்கு 'பெர்சர்க் மேல் சிண்ட்ரோம்' என்று பெயர் உண்டாம். குட்டியில் மனிதர்களோடு மிதமிஞ்சி ஒட்டவிட்ட கிடாய், வயசுக்கு வந்ததும் மனிதர்களைத் தன் இனத்து எதிரியாக நினைத்துத் தாக்குவது. காயடித்தாலும் பெரும்பாலும் மாறாது, குட்டியில் மனசில் பதிந்துபோனது அது. வாலை முதுகில் போட்டு முன்கால் மடக்குவது, குட்டிக் கிடாய் பெரிய கிடாயிடம் பணிந்துபோகிற சைகை என்றார். அதை மனிதரிடம் செய்ய ஆரம்பித்தாலே சுதாரித்திருக்க வேண்டும். சந்தைச் சீட்டில் அச்சடித்த படம் என் கண்முன்னால் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

வேறு வழி கேட்டேன். தனியாக உயர வேலிக்குள் அடைத்து வைக்கலாம், மந்தைப் பிராணிக்கு அது ஆயுள் தண்டனை என்றார். இன்னொருவரிடம் கொடுக்கலாம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அல்பாக்கா 15, 20 வருஷம் வாழும். இவனுக்கு மூன்றுகூட முடியவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். முதலில் மயக்க ஊசி, பிறகு மற்றது. நான் தள்ளித்தான் நின்றேன், பக்கத்தில் வரவேண்டாம் என்றார்கள்.

பாட்டி சாயங்காலம் வந்தார். சொன்னேனே என்று சொல்வார் என்று காத்திருந்தேன். குழி வெட்ட அவருடைய டிராக்டரைக் கொண்டுவந்திருந்தார், வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆட்டுக்காரருக்கு அந்தப் பருவம் முழுக்க வேலிக் கம்பி இழுப்பது, தீவன மூட்டை இறக்குவது எல்லாம் வீட்டுக்காரரும் நானும் முறைபோட்டுச் செய்தோம். வேண்டாமென்று சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை முன்போல் முழுசாகத் திரும்பவில்லை. இப்போது கடைத்தெருவில் பார்த்தால் தலையசைப்பார், நின்று பேசமாட்டார். கண்ணனோடு கொடுத்த அந்தச் சாதுக் கிடாயை அவரே வைத்துக்கொண்டார், துணைக்கு இன்னொன்று வேறிடத்தில் வாங்கினார்.

என் நூல் சீட்டில் இப்போது படம் கிடையாது. இத்தனை கிராம், இத்தனை மீட்டர், இத்தனை சதவீதம் மெரினோ. வியாபாரம் கொஞ்சம் குறைந்தது.

போன குளிர்காலம் இன்னொரு கிடாய்க்குட்டிக்குப் பால் போதாமல் போயிற்று. வெள்ளை. வேலிக் கம்பியில் புட்டியைச் செருக ஒரு தாங்கி அடித்து வைத்தேன். வெளியே நின்று செருகுவேன், குடித்ததும் உருவிக்கொண்டு நடந்துவிடுவேன். குடித்துவிட்டுத் தாயிடம் ஓடிவிடுவான். பெயர் வைக்கவில்லை, காது அடையாள எண்தான். வேலியோரம் போனால் மற்றவை மாதிரி அவனும் நாலடி தள்ளி நிற்கிறான். கூப்பிட்டால் வருவதில்லை. அம்மாவிடம் சொன்னேன், "அப்ப நல்லாத்தான் இருக்குதுன்னு அர்த்தம்," என்றாள்.

இந்தப் பக்கம் நிலம் வாங்கி அல்பாக்கா வளர்க்க ஆசைப்படுகிற நம் ஆட்கள் சிலர் இப்போது என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். 'புட்டியில் வளர்ந்த கிடாய், குழந்தைபோல் பழகும், இலவசம்' என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் அவசரப்படாதீர்கள். வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். உங்களைப் பார்த்ததும் நேரே வந்து நெஞ்சோடு நெஞ்சாக நின்றால் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று சந்தேகமாகப் பார்க்கிறதுகளில் மூன்றாகப் பார்த்து வாங்குங்கள். கொடுக்கிற இடத்தில் நீங்கள் இருந்தால், கெட்ட பழக்கம் உண்டா என்று அவர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.